ஆயாவுக்குத் திண்ணை... பேத்திக்குத் தாழ்ப்பாள்!

வீட்ல எல்லாரும் டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. உங்க போன் அடிக்குது. கொஞ்சம் முக்கியமான ஆள். எங்கே போய்ப் பேசுவீங்க?

மொட்டை மாடி. இல்லேன்னா மாடிப்படி. அதுவும் இல்லேன்னா தெருமுனை. கூடவே, "டவர் கிடைக்கலைம்மா"ன்னு ஒரு பொய். சரிதானே?

அடுத்த சீன். ஹாஸ்டல். லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. ரூம் முழுக்க உங்களுக்கே. ராஜா மாதிரி இருக்கலாம். ஆனா ஒரு மணி நேரத்துல என்ன பண்றீங்க? கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, காரிடார்ல யாராவது போறாங்களான்னு பார்க்கறீங்க!

நமக்கு ரெண்டும் வேணும் பாஸ். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையும் வேணும். எட்டிப் பார்த்தா நாலு மனுஷங்க தெரியற ஒரு இடமும் வேணும். இது ஏதோ செல்போன் வந்த பிறகு முளைச்ச பிரச்னைன்னு நினைச்சுடாதீங்க. வீடுன்னு ஒண்ணு கட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து மனுஷன் போட்டுக்கிட்டிருக்கிற கணக்கு. நம்ம தாத்தா பாட்டி அதுக்கு ஒரு விடை வெச்சிருந்தாங்க. அது என்ன, அதுல எது சரி, எது தப்புன்னு பார்க்கலாம், வாங்க.

பேர்லயே இருக்கு!

புதுச்சேரியிலேர்ந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போற கடற்கரைச் சாலையைப் பிடிச்சு, நடுவுல மேற்கே திரும்பினா செம்மண் பூமி ஆரம்பிக்கும். முந்திரி, பனைமரம், நடுநடுவே ஆரோவில் காடு. 1968-ல ஆரோவில் வந்ததுக்கு முன்னாடியே அந்த இடத்துல இருந்த ஊர்கள்ல ஒண்ணுதான் இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா.

பேரைப் பிரிச்சுப் பாருங்க. இடையன், சாவடி. நமக்கு இன்னிக்குச் சாவடின்னா ரெண்டே ரெண்டுதான் தெரியும்: காசு பிடுங்குற சுங்கச்சாவடி, மை வைக்கிற வாக்குச்சாவடி. பழைய அர்த்தம் வேற. வழிப்போக்கர் தங்குறதுக்கும், ஊர்க்காரங்க கூடிப் பேசறதுக்கும் இருந்த பொது இடம். யார் வீடும் இல்லை. அதனால யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். சென்னையில ஐ.டி. கம்பெனிகளும் லேடீஸ் ஹாஸ்டல்களும் வரிசை கட்டி நிற்கிற கந்தன்சாவடியும், பூந்தமல்லி பக்கத்துக் குமணன்சாவடியும் இதே குடும்பத்துப் பேருங்கதான்.

ஊருக்குச் சாவடி மாதிரி வீட்டுக்குத் திண்ணை. பாதி வீடு, பாதி தெரு.

போன மாசம் இடையஞ்சாவடியில ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா கொத்தனார். பொண்ணு புதுச்சேரியில ஒரு காலேஜ்ல பி.காம். இரண்டாவது வருஷம். கூடவே அப்பாவைப் பெத்த ஆயா. (இந்தப் பக்கத்துல பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவாங்க.) முன்னே கீத்து வீடு இருந்த இடத்துல இப்போ கான்கிரீட் வீடு. ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு, வாசல்ல பச்சை பெயின்ட் அடிச்ச கிரில் கேட்.

"வூடு நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா முன்ன திண்ணைல குந்தினா ஊரே நம்மகிட்ட வந்துட்டுப் போவும். இப்ப டி.வி.யில வர்றவங்களத்தான் பாக்குறேன்." இது ஆயா.

"உங்களுக்கென்ன ஆயா, நீங்க சொல்லுவீங்க. அந்த வீட்ல நான் துணி மாத்தணும்னா அப்பா, தம்பி ரெண்டு பேரும் வெளிய போய் நிக்கணும். இப்ப ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கு சார். பரீட்சைக்குப் படிக்கறப்ப உள்ள போட்டுக்குவேன்." இது பேத்தி.

நடுவுல கொத்தனார்: "திண்ணைக்கு நாலடி விட்டா ரூமுக்கு எடம் பத்தாது சார். எதுனா ஒண்ணுதான்."

யார் சொல்றது சரி? மூணு பேருமேதான். ஆனா அந்த "எதுனா ஒண்ணுதான்" மட்டும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. ஏன்னா, பழைய வீட்டுக்காரங்க அந்தக் கணக்கை அப்படிப் போடலை.

படிப்படியா உள்ளே...

ஒரு பழைய நாட்டு ஓட்டு வீட்டுக்குள்ள உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன். செருப்பை வாசல்ல விடுங்க.

முதல்ல திண்ணை. ஒரு பக்கத்துல சரிவா கட்டின திண்டு, தலையணை மாதிரி. தெருவுல போற யாரும் வெயிலுக்கு ஒதுங்கலாம், தண்ணி கேட்கலாம். வீட்டுக்காரர் உங்களை உள்ளே கூப்பிட்டாகணும்னு இல்லை. கூப்பிடலைன்னு உங்களுக்கு வருத்தமும் இல்லை. கடன் வசூலுக்கு வந்தவர், கல்யாணத் தரகர், பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லாருக்கும் இதுதான் வரவேற்பறை. வாத்தியார் வந்து உட்கார்ந்தா இதுவே பள்ளிக்கூடம். உ.வே.சாமிநாதையர் படிப்பைத் தொடங்கினது திண்ணைப் பள்ளிக்கூடத்துலதான். கட்சிக்காரங்க இன்னும் 'திண்ணைப் பிரசாரம்'னுதான் சொல்றாங்க, தெருவுல ஒரு திண்ணைகூட இல்லைன்னாலும்!

அடுத்து நிலைவாசல். அதைத் தாண்டினா ரேழி. இடைகழி, நடைன்னும் சொல்வாங்க. தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கிற சின்ன நடை. வெளியாளும் இல்லாம உள்ளாளும் இல்லாம நிற்கிற இடம்.

இந்த ரேழிக்கு நம்ம பக்கத்துலயே ஒரு பெரிய கதை இருக்கு. முன்னே விழுப்புரம் மாவட்டத்துல இருந்து, இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டத்துல இருக்கிற திருக்கோவிலூர். அடை மழை ராத்திரி. பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில ஒதுங்கிப் படுத்திருந்தாராம். பூதத்தாழ்வார் வந்தார். "ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உட்காரலாம்"னு எழுந்து உட்கார்ந்தாங்க. அப்புறம் பேயாழ்வார். "மூணு பேர் நிற்கலாம்"னு மூணு பேரும் நின்னாங்க. நாலாவதா ஒருத்தர் இருட்டுல நெருக்கறது தெரிஞ்சு, அது பெருமாள்னு கண்டுபிடிச்சுப் பாட ஆரம்பிச்சாங்கங்கிறது வைணவ மரபு. பக்தி இருக்கோ இல்லையோ, ஒரு விஷயத்தைக் கவனிங்க. அறிமுகமே இல்லாத மூணு பேர் சந்திச்ச இடம் கூடமும் இல்லை, தெருவும் இல்லை. நடுவுல இருந்த அந்தச் சின்ன நடை!

ரேழியைத் தாண்டினா முற்றம், அதைச் சுத்தித் தாழ்வாரம், கூடம். வடகம் காயறதும், பிள்ளைங்க விளையாடறதும், பெண்கள் கதை பேசறதும் இங்கேதான். இது சொந்தக்காரங்க எல்லை. அதுக்கும் பின்னாடி அறைகள், சமையல்கட்டு, கிணற்றடி, கொல்லை. அங்கே வீட்டு ஆளுங்க மட்டும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வாசல்ல நின்னா முற்றம், கூடம், பல வீடுகள்ல கொல்லைக் கதவு வரைக்கும் நேர் கோட்டுல தெரியும். ஆனா யாரும் விறுவிறுன்னு உள்ளே நுழைய மாட்டாங்க. கண்ணுக்கு அனுமதி உண்டு, காலுக்கு இல்லை. எதுவரைக்கும் போகலாம்னு வர்றவங்களுக்கே தெரியும். அதைத் தாண்டணும்னா ஒரு கனைப்பு, இல்லேன்னா "வீட்ல யாரு?"ன்னு ஒரு குரல். நீங்க போன் பண்றதுக்கு முன்னாடி 'ப்ரீயா இருக்கியா?'ன்னு ஒரு மெசேஜ் தட்டறீங்களே, அதுவும் கிட்டத்தட்ட அந்தக் கனைப்புதான்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

இதை நேர்ல பார்க்கணும்னா இடையஞ்சாவடியிலேர்ந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். புதுச்சேரிக்கு வண்டியை விடுங்க. ஊரை ரெண்டாப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுப் பகுதி. எல்லாரும் செல்பி எடுக்கிற மஞ்சள் சுவர் அங்கேதான். உயரமான மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம். தெருவுல நிற்கிறவனுக்கு மதில் மட்டும்தான் மிச்சம்.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. மரத்தூண் தாங்கற தாழ்வாரம் தெரு வரைக்கும் நீண்டு வந்து, நடந்து போறவனுக்கு நிழல் குடுக்கும். அதை ஒட்டித் திண்ணை. பல வீடுகள்ல கீழ்த்தளம் தமிழ் முறை, மாடி பிரெஞ்சு முறை. கால்வே சுப்பராயச் செட்டி தெரு, பழைய பேர் வைசியாள் தெரு, போய்ப் பாருங்க. ஐரோப்பிய யூனியன் உதவியோட வந்த 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்துல இன்டாக் அமைப்பு அந்தத் தெரு வீடுகளோட முகப்பை வரிசையாச் சீர்படுத்திச்சு. அந்த வேலைக்கு 2008-ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைச்சது. ஒரு வீட்டை மட்டும் இல்லாம ஒரு தெருவையே காப்பாத்தினாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு. ஒத்தைத் திண்ணை வெறும் மேடை. வரிசையா இருந்தாதான் அது தெருவோட பேச்சு.

கடல் தாண்டினா?

கப்பல் ஏறி வட்டிக்கடை வைக்கப் போன செட்டிநாட்டுக்காரங்க பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து கட்டின வீடுகள்ல இந்தக் கணக்கு இன்னும் பெருசு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டுன்னு போய்க்கிட்டே இருக்கும். வளவைச் சுத்தி, கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அறை. முற்றம் எல்லாருக்கும், பூட்டு அவங்கவங்களுக்கு.

அந்தக் கப்பல் போய்ச் சேர்ந்த தென்கிழக்கு ஆசியாவுலயும் இதே கணக்குதான், வேற வேற விடைகள். மலாய்க்காரங்களோட மர வீடு தூண்மேல நிற்கும். முன்பக்கப் படி ஏறினா 'செராம்பி'ங்கிற தாழ்வாரம். விருந்தாளிக்கு அதுதான் எல்லை. பெண்கள் வந்து போக, பின்னாடி சமையல்கட்டுப் பக்கம் தனிப் படி. பாலித் தீவுல வாசலுக்கு நேர் உள்ளே 'அலிங் அலிங்'னு ஒரு குட்டைச் சுவர். சுத்தித்தான் உள்ளே போகணும். கண்ணுக்கே அங்கே தடா!

எனக்கு ரொம்பப் பிடிச்சது சரவாக் பக்கத்து இபான் மக்களோட நீள வீடு. ஒரே கூரை, வரிசையா குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கதவு போட்ட 'பிலிக்'. அதுக்கு முன்னாடி வீடு நீளத்துக்கும் 'ருவாய்'ங்கிற பொதுத் தாழ்வாரம். பாய் முடையறது, கதை, விருந்து எல்லாம் அங்கே. அட, நம்ம ஹாஸ்டல் காரிடார்!

இதே மாதிரி நீளமா இன்னொரு கட்டடமும் உண்டு. இலங்கை மலையகத்துலயும் மலேசியத் தோட்டங்கள்லயும் நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா வாழ்ந்த லயம். வரிசை வீடு, ஒரு குடும்பத்துக்குப் பல இடங்கள்ல ஒரே அறை, முன்னாடி ஒட்டினாப்ல ஒரு சின்ன வராந்தா. படத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். ஆனா நீள வீட்டை அதுல வாழறவங்க கட்டினாங்க. லயத்தைத் தோட்ட முதலாளி கட்டினார். வேலையாளை எண்றதுக்கும் காலையில பிரட்டுக்குக் கூப்பிடறதுக்கும் வசதியா. பின்கட்டு இல்லை, தாழ்ப்பாள் போட இன்னொரு அறை இல்லை. வெறும் நெருக்கத்தைக் கூட்டு வாழ்க்கைன்னு சொல்லிட முடியாதுங்க.

திண்ணைக்கும் ஒரு கறுப்புப் பக்கம்

"ஆஹா, அந்தக் காலம் பொற்காலம்"னு கண்ணைத் துடைச்சுக்கப் போறீங்களா? கொஞ்சம் இருங்க.

யார் திண்ணையில உட்காரலாம், யார் தெருவுலயே நிற்கணும், யார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாதுன்னு தீர்மானிச்சது ஜாதி. திண்ணைப் பள்ளிக்கூடத்துல தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் கிடையாது. எதுவரைக்கும் போகலாம்னு வர்றவங்களுக்கே தெரியும்னு மேல சொன்னேனே, அது பலருக்கு மரியாதையால வந்த அறிவு இல்லை, பயத்தால வந்தது.

அப்புறம் பெண்கள். திண்ணை பெரும்பாலும் ஆம்பளைங்க ராஜ்யம். வீட்டுப் பெண்கள் ரேழிக் கதவுக்குப் பின்னாடி நின்னு பேச்சைக் கேட்கலாம். மாசத்துல மூணு நாள் கொல்லைப் பக்கம் ஒதுங்கி உட்காரணும். அந்த வீடு காப்பாத்தினது குடும்பத்தோட அந்தரங்கத்தை. குடும்பத்துக்குள்ள ஒரு பொண்ணுக்குன்னு தனியா எதையும் அது ஒதுக்கலை. இடையஞ்சாவடிப் பேத்தி தாழ்ப்பாளைப் பத்திச் சொன்னப்போ அவ குரல்ல இருந்த சந்தோஷத்தை நான் கேட்டேன். அந்தச் சந்தோஷத்தைத் திண்ணைக்காக விட்டுக்குடுன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கூரை விஷயமும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30-ல தானே புயல், 2024 நவம்பர் 30-ல பெஞ்சல் புயல். ரெண்டும் இந்தக் கரையை அடிச்ச அடியைப் பார்த்தவங்க யாரும் கீத்து வீட்டைப் பத்திக் கவிதை எழுத மாட்டாங்க. கான்கிரீட் வரட்டும். வரணும்.

கேள்வி அதுக்குள்ள திண்ணைக்கு இடம் உண்டா, இல்லையாங்கிறதுதான்.

அறுபது சதுர அடி

இப்போ கணக்குப் புக்கைத் திறங்க. 2011-ல வந்த சூரிய சக்தி பசுமை வீடு திட்டத்துல வீட்டோட அளவு 300 சதுர அடி. ஹால், படுக்கை அறை, சமையலறை, கழிப்பறை, கூடவே ஒரு வராந்தா. 2024-ல வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி, மூணரை லட்சம் ரூபாய். இதுல 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேற பொருள்ல கூரை, வீட்டுக்காரங்க விருப்பப்படி.

அந்த 60 சதுர அடியை நீளமாப் போட்டா பதினஞ்சு அடிக்கு நாலடி. ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். அஞ்சாறு பேர் தாராளமா உட்காரலாம். மூணு ஆழ்வார்களும் மழைக்கு ஒதுங்கினாலும் நிற்க வேண்டியதில்லை!

கொத்தனார்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். "எங்க வூடு திட்டத்துல கட்டலை சார், கடன்ல கட்டினது"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கிரில் கேட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். "கேட்டை ரெண்டடி உள்ள தள்ளி வெச்சிருந்தா, வெளிய ஒரு ஒட்டுத் திண்ணை வந்திருக்கும். ஒண்ணரை அடி அகலம் போதும். ஆத்தா குந்திக்கும்"னார். அவ்வளவுதான் விஷயம். அதுக்குக் கோடி ரூபாயும் வேண்டாம், ஆர்க்கிடெக்டும் வேண்டாம்.

இன்னொரு யோசனையும் உண்டு. தனிமைக்குன்னா சுவர்தான் வேணும்னு இல்லை. புதுச்சேரியிலயே கோல்கொண்டான்னு ஒரு விடுதி. ஆன்டனின் ரேமண்ட்ங்கிற கட்டடக் கலைஞர் 1930-கள்ல வடிவமைச்ச ஆசிரம விடுதி. ஜன்னல் கண்ணாடியே கிடையாது. வெளிப்பக்கம் திருப்பி வைக்கிற கான்கிரீட் பலகை வரிசை, அறைகளுக்குத் தேக்குப் பலகையை இடைவெளி விட்டு அடிச்ச தள்ளு கதவு. காத்து உள்ளே வரும், பார்வை வராது. சின்ன வீட்டுலயும் ரூம் கதவு ஹாலுக்கு நேரா இல்லாம கொஞ்சம் தள்ளி இருந்தா, கதவைத் திறந்து வெச்சே படிக்கலாம். இதெல்லாம் வீடு கட்டற அன்னிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினா நடக்கிற விஷயங்கள். அந்த அரை மணி நேரப் பேச்சுல ஆயாவையும் பேத்தியையும் யாரும் கூப்பிடறதில்லை. அதுதான் சிக்கல்.

அதனால உங்களுக்கு ஒரு அசைன்மென்ட். மார்க் கிடையாது, பயப்படாதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வெள்ளைத்தாள்ல உங்க வீட்டை வரைங்க. கூரியர்காரர் எதுவரைக்கும் வர்றார், உங்க ப்ரெண்ட் எதுவரைக்கும், உங்க தங்கச்சியோட ப்ரெண்ட் எதுவரைக்கும்னு கோடு போடுங்க. வீட்டுல வேலைக்கு வர்ற அக்கா எந்த டம்ளர்ல, எங்கே நின்னு தண்ணி குடிக்கறாங்கன்னும் குறிங்க. அந்தக் கோடுகள்ல எது மரியாதை, எது அழுக்குன்னு உங்களுக்கே தெரியும். கடைசியா, உங்க வீட்டுல தனியா இருக்க ஒரு மூலைகூட இல்லாதது யாருக்கு, பேச்சுத் துணையே இல்லாதது யாருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் அம்மாவும் ஆயாவுமாத்தான் இருப்பாங்க.

நாளைக்கு நீங்க வீடு கட்டுவீங்க. சில பேர் மத்தவங்களுக்கும் கட்டிக் குடுப்பீங்க. அன்னிக்கு அந்தத் தாளை மறந்துடாதீங்க.

நான் கிளம்பறப்போ ஆயா கிரில் கேட்டைத் திறந்துக்கிட்டு வெளியே வந்தாங்க. வாசற்படியில குந்தினாங்க. எதிர்வீட்டு அம்மா அதைப் பார்த்துட்டு முறத்தோட வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. உள்ளே தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டது. பேத்திக்கு மறுநாள் பரீட்சை.

அடுத்த வாரம் சந்திப்போம்!